ஒப்பாரி கேட்ட உடம்பு

…அதையா சொன்னாள் உன் மாமியார்? பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தில் காலைத் தூக்கி நின்றால் நாளைக்கு வயிற்றில் பிள்ளை தங்காது என்றா? அவள் ஒருத்தி! தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அவள் முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தின் நெடி என் அடுப்படி வரைக்கும் வருகிறது. அவள் ஆசனத்தைப் பற்றி நியாயம் பேசுகிறாளா? பேசட்டும். நான் இப்படிச் சொன்னேன் என்று போய்ச் சொல்லு. எனக்கென்ன பயம்?

உட்காரு. சும்மா உட்காராதே, அந்த முறத்தை எடுத்துக் காராமணியில் கல் பொறுக்கு. வெளியே புழுங்கல் நெல் காய்கிறது, ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும். ஏரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. அதென்ன இடுப்பில் காகிதம்? பள்ளிக்கூடத்தில் கொடுத்ததா? உன் பெண்ணை யோகா வகுப்பில் சேர்க்கச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டிருக்கிறார்களா? போட்டாயா? போடவில்லை. அதுதான் முகம் அவித்த பனங்கிழங்கு மாதிரி இருக்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது. ரேஷன் கடையில் இன்றைக்கும் கட்டைவிரல்தான். ஆனால் பிள்ளைக்கு ஆசனம் சொல்லிக்கொடுத்தாள் என்று இந்த ஊரில் முதல் முதலில் ஏச்சு வாங்கியவள் நான். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு, இல்லை கிழித்து அடுப்பில் போடு.

அணா போய் நயா பைசா வந்த புதுசு. எங்கள் தெருவுக்குக் கரண்டு வரவில்லை. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும், யார் எண்ணினார்கள். நடவு, களை, அறுப்பு என்று எது கிடைத்தாலும் கூலிக்குப் போவேன். வீட்டுக்காரரும் கூலிதான். மாமியார் எங்களோடு இருந்தாள். என் பெரிய பெண்ணுக்கு எட்டு வயது. அவளுக்கு இரைப்பு.

இரைப்பு என்றால் உனக்குத் தெரியும், உன் கொழுந்தனுக்கு இருக்கிறதே. அவன் சட்டைப் பையில் குழல் வைத்திருக்கிறான், வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் அடங்கிவிடுகிறது. எங்களுக்கு அது ஏது? நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். கழுத்துக் குழி உள்ளே இழுக்கும். கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையைச் சொல்ல முடியாது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். மாத்திரை கொடுப்பார்கள். கொஞ்ச நாள் தாங்கும். காற்றடிக்கிற நாளில், கதிரடிக்கிற நாளில், களத்துத் தூசி பட்டால் மறுபடியும் பூனைக்குட்டி.

என் மாமியாருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். சூடு. மஞ்சள் கொம்பை விளக்கில் கொளுத்தித் தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நெஞ்சுக்குழியில் ஒன்று. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றினால் மூன்று தழும்பு தெரியும், புளியங்கொட்டை அளவுக்கு. சின்ன வயதில் அவருக்கும் இரைப்பு இருந்ததாம். சூடு போட்டதும் போனதாம். அவருக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, அவனுக்கும் அதே இரைப்பு. சூடு போடுகிறவளைக் கூட்டி வருவதற்குள் போய்விட்டான். ஒரு நாள் தள்ளிவிட்டேன், ஒரே ஒரு நாள் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் அவளைக் கெட்டவள் என்று நினைக்காதே. பேத்தி மேல் உயிர். உயிராக இருந்ததால்தான் சுடத் துடித்தாள். எனக்கும் பேத்தியின் அம்மா என்ற முறையில் ஒரு உயிர் இருந்ததே, அதுதான் தகராறு.

“இன்னாமே, வெளையாட்டா கீதா ஒனக்கு? புள்ள நீலம் பூத்துக்கினு கீது. சூடு போட்டா நாலு நாளு எரியும், அப்பறம் நூறு வயசு.”

“ஆஸ்பத்திரில சூடு போடச் சொல்லல, அத்த.”

“ஆஸ்பத்திரிக்காரனா பெத்தான்?”

“நீயும் பெக்கல, நான் பெத்தேன்.”

இப்படி ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம். அடுப்பு மூட்டும்போது ஒன்று, கஞ்சி ஊற்றும்போது ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் பிளாக் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். கிராம சேவிகா என்று பேர். நாங்கள் டீச்சரம்மா என்போம். இருபது வயது இருந்தால் அதிகம். காலையில் உத்திரமேரூர் பஸ்ஸில் வந்து இறங்கிக் கால்வாய்க் கரை மேல் நடந்து வருவாள். கையில் குடை. மழைக்கு இல்லை, நாய்க்கு. எங்கள் தெரு நாய் எழுந்து நின்றாலே குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு கத்துவாள். நாய் பாவம், பயந்து ஓடிவிடும். இந்தப் பெண் நமக்கு என்னத்தைச் சொல்லித் தரப் போகிறாள் என்று சிரித்தோம்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகையில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பாள். பால் பவுடர் கரைத்து ஊற்றுவாள். அதற்காகத்தான் பிள்ளைகள் போனது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் கெட்டிக்காரி. முதலில் ஆசனம், அப்புறம்தான் பால். யோகா என்ற பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. குப்புறப் படுத்துக் கையை ஊன்றித் தலையைத் தூக்கினால் பாம்பு. ஒற்றைக் காலில் நின்றால் கொக்கு. கொக்கு நிற்கும்போது ஒரு பையன் அடுத்தவன் மேல் விழுவான், அவன் அடுத்தவன் மேல் விழுவான், மொத்தக் கொக்கும் விழும். பால் வாளியையும் ஒரு தரம் கவிழ்த்துவிட்டார்கள்.

என் பெண் மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஓடினால் இரைக்கும் என்று அவளை யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. டீச்சரம்மா அதைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். களை எடுத்த சேற்றுக் காலோடு போய் நின்றேன்.

“உங்க பொண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தரேம்மா. கொஞ்சமா இழுக்கணும், நிறைய நேரம் மெதுவா விடணும். மாத்திரையை நிறுத்திடாதீங்க, அது பாட்டுக்கு அது. வீட்டுல நீங்க பக்கத்துல உக்காந்து எண்ணிச் சொல்லணும்.”

“எனுக்கு எண்ணத் தெரியாதும்மா.”

“நெல்லு அளப்பீங்களா?”

“அது அளப்பேன். எத்தினி மூட்டையானாலும் அளப்பேன்.”

“அப்ப எண்ணத் தெரியும்.”

எனக்கு எண்ணத் தெரியும் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான்! வீட்டுக்கு வந்து பெண்ணை உட்கார வைத்தேன். எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, உனக்குத் தெரியுமே, லாபம் என்றுதான் சொல்வது. ஒன்று என்று ஆரம்பித்தால் விளைச்சல் ஒன்றோடு நின்றுவிடும் என்று ஒரு பயம். மூச்சையும் அப்படியே அளந்தேன். இழு. லாபம், ரெண்டு, மூணு. விடு. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. இழுப்பது கால் மரக்கால், விடுவது அரை மரக்கால் என்று வைத்துக்கொண்டோம். அவளுக்கு ஒரே சிரிப்பு. சிரித்தால் இரைக்கும், இரைத்தால் மறுபடியும் லாபம்.

அப்புறம் பாம்பு செய்வாள். பாம்பு செய்தால் நெஞ்சு விரிகிறது அம்மா, கதவு திறந்த மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் மல்லாந்து படுத்துக் கையைக் காலை விட்டுவிட்டுக் கண்ணை மூடிச் சும்மா கிடப்பாள். செத்தவர் மாதிரி கிடக்க வேண்டும், அதுவும் ஒரு ஆசனம், அதுதான் கஷ்டம் என்று டீச்சரம்மா சொன்னாளாம். பிள்ளைகளைச் சும்மா கிடக்க வைப்பது கஷ்டம்தானே. என் பெண்ணுக்கு மட்டும் அது தண்ணீர் பட்ட பாடு. ஓடி ஆட முடியாத பிள்ளை, கிடப்பதில் முதல்.

ஊர் சும்மா இருக்குமா? நடவு அன்றைக்குப் பண்ணைக்காரர் வீட்டம்மா வரப்பில் நின்றுகொண்டு கேட்டாள்.

“இன்னாடி, ஒன் பொண்ணு ஆசனம் கத்துக்கினு கீதாமே? கூலிக்காரி வூட்டுப் புள்ளைக்கு ஆசனம் ஒண்ணுதான் கொறச்சலா?”

நான் நிமிரவே இல்லை. குனிந்தபடியே சொன்னேன்.

“ஆமாம்மா. நான் காலையிலருந்து உன் கயனில பண்ணிக்கினு கீறனே, இது இன்னா? நட்ட கையி நெலத்துல, இடுப்பு வானத்துல. இதுவும் ஆசனந்தான். நீ ஒரு நாளி எறங்கிப் பண்ணிப் பாரேன்.”

வரிசையில் இருந்த பதினைந்து பேரும் சிரித்த சிரிப்பில் நாற்றுக்கட்டு மிதந்து போய்விட்டது. அந்தம்மா என்னை இரண்டு நாள் வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போ. மூன்றாம் நாள் அவளே ஆள் அனுப்பினாள், என் மாதிரி நேராக நடுகிறவள் கிடைக்க வேண்டுமே.

ஆனால் மாமியாரை அப்படிச் சிரித்துத் தள்ள முடியவில்லை. கார்த்திகையில் பனி விழ ஆரம்பித்தது. பெண்ணுக்கு ஒரு வாரம் சரியான இரைப்பு. மூச்சை அளந்தோம், மாத்திரை கொடுத்தோம், அடங்கியது, மறுபடியும் வந்தது. மாமியார் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். மகனிடம் சொன்னாள், என் காதில் விழும்படி.

“வர்ற செவ்வாக்கெயம கூட்டியாரப் போறேன். ஒன் பொண்டாட்டி குறுக்க நின்னா நான் இந்த வூட்டுல தண்ணி குடிக்க மாட்டேன். ஒரு புள்ளைய நாளு தள்ளிக் குடுத்துட்டேன். இன்னொண்ணு குடுக்க மாட்டேன்.”

அவர் சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார். “நைனா, வலிக்குமா?” என்று பெண் கேட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வலிக்காது என்று ஒரு பொய் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை பார், அதில்தான் எனக்கு உறுதி வந்தது. இந்தப் பிள்ளை மேல் நெருப்பு விழக் கூடாது. எப்படித் தடுப்பேன் என்று தெரியாது. விழக் கூடாது.

செவ்வாய்க்கிழமை வந்தது. விடிகாலையில் நாற்றுப் பறித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், ஈரம் காயட்டும் என்று முடியை விரித்துப் போட்டிருந்தேன். மாமியார் அகல் விளக்கை ஏற்றிக் கூடத்தில் வைத்தாள், பக்கத்தில் மஞ்சள் கொம்பு. சாலவாக்கத்துப் பக்கம் இருந்து சூடு போடுகிற கிழவி பஸ்ஸில் வருவாள், அவளைக் கூட்டி வர ரோட்டுக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்து, “வெளக்க அணைச்சே, நான் இங்க இருக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பேசாதவள் அதற்கு மட்டும் பேசினாள்.

பெண் விளக்கைப் பார்த்தாள். கொம்பைப் பார்த்தாள். பயத்திலேயே இரைப்பு ஆரம்பித்துவிட்டது. “அம்மா, அம்மா” என்கிறாள், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். உட்கார வைத்து முதுகை நிமிர்த்தி, இழு, விடு, லாபம், ரெண்டு, மூணு. எத்தனை மூட்டை அளந்தேனோ தெரியாது. பூனைக்குட்டி மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்தது. அப்புறம் அவளே பாயில் மல்லாந்து படுத்தாள். கையை விரித்து உள்ளங்கையை மேலே காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். கோழி கூப்பிடுமுன் எழுந்து சேற்றில் நின்ற உடம்பு. ஆறு என்று சொன்னது நினைவிருக்கிறது. ஏழு சொன்னேனா தெரியாது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

இப்போது நீ அன்றைய எங்கள் எதிர்வீட்டுக்காரியாக இருந்து பாரு. அப்போதெல்லாம் யாரும் தீக்குச்சியை வீணாகக் கிழிக்க மாட்டோம், ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தால் நாலு வீட்டுக்காரி வரட்டியோடு வந்து நெருப்பு வாங்கிப் போவாள். அப்படித்தான் அவளும் வரட்டியோடு வந்தாள். வாசலில் தலையை நீட்டினாள். என்ன பார்த்தாள்? இரைப்புக்காரப் பிள்ளை ஒரு வாரமாகப் படாத பாடு படுகிறது என்று தெருவுக்கே தெரியும். அந்தப் பிள்ளை பாயில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது. தலைமாட்டில் விளக்கு எரிகிறது. பெற்றவள் தலைவிரி கோலமாகச் சுவரில் சாய்ந்து பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறாள்.

அவள் சும்மா ஆள் இல்லை. ஒப்பாரிக்கு அவளைப் போல மானாம்பதி வரைக்கும் கிடையாது. அடுத்த ஊர் சாவுக்கெல்லாம் வந்து அழைத்துப் போவார்கள், அவள் வரும் வரைக்கும் மற்ற பெண்கள் அழுகையைச் சிக்கனமாக வைத்திருப்பார்கள். வரட்டி ஒரு பக்கம் போட்டாள், கையைத் தலையில் வைத்தாள், எடுத்தாள் குரலை.

“ஏரி நெறையத் தண்ணி கீதே, என் கண்ணே,
ஒரு மொடக்கு குடிக்க வாயி இல்லியே…”

அவ்வளவுதான். கிணற்றடியில் இருந்தவள், மாடு கட்டிக்கொண்டிருந்தவள், பக்கத்துக் கழனியில் களை எடுத்தவர்கள், எல்லாரும் ஓட்டம். வாசல் நிறைந்து மாரடிக்கிறார்கள். நான் அந்தச் சத்தத்தில் கண் விழித்தேன்.

சொன்னால் நம்பமாட்டாய். ஒரு நொடி எனக்கும் அது நிஜம்தான் என்று தோன்றியது. இத்தனை பேர் அழுகிறார்களே, நான் தூங்கின நேரத்தில் போய்விட்டாளே என்று.  பெண்ணின் நெஞ்சைப் பார்த்தேன். அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாக, ரொம்ப மெதுவாக, பாவாடை முடிச்சுக்கு மேலே வயிறு எழும்பியது.

லாபம் என்றேன்.

அதே நேரம் தெருக்கோடியில் மாமியார் வருகிறாள், பின்னால் சூடு போடுகிற கிழவி. தன் வீட்டிலிருந்து ஒப்பாரி வருவதைக் கேட்டால் மனுஷி என்ன ஆவாள்? அங்கேயே புழுதியில் விழுந்துவிட்டாள். தவழ்ந்து வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பாட்டு வரவில்லை. “ரெண்டாவது வாட்டியும் தப்பிட்டேனே, ரெண்டாவது வாட்டியும் தப்பிட்டேனே,” அது ஒன்றுதான். அன்றைக்கு அங்கே எல்லாரும் அழுதார்கள், அவள் அழுதது மட்டும் வேறே.  சரி விடு.

எதிர்வீட்டுக்காரி அடுத்த அடியை எடுத்தாள்.

“நெல்லு முத்திச் சாஞ்சி கீதே, என் மயிலே, நீ…”

என் பெண் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

“யாரு செத்துட்டாங்க?”

 எதிர்வீட்டுக்காரி வாயை மூடாமலே சொன்னாள்.

“நீதான்டி.”

“நான் ஆசனம் பண்ணிக்கினு கீறேன்!”

மாமியார் பிள்ளையை அப்படியே வாரி எடுத்தாள். மூக்கு, காது, கை, கால் எல்லாம் தடவினாள், எதுவும் குறைந்துபோயிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பின்னால் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், இன்னொருத்தி அழுகையை நிறுத்த முடியாமல் விக்கிக்கொண்டிருந்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“பாத்தீங்களாடி? போன உசுரு திரும்பி கீது. இனி ஒரு நிமிசம் தள்ளக் கூடாது. கொம்பக் கொளுத்தும்மா.”

கிழவி விளக்கண்டை உட்கார்ந்து மஞ்சள் கொம்பை எடுத்தாள். இரண்டு பேர் பெண்ணின் காலைப் பிடிக்க வந்தார்கள். பெண் என்னைப் பார்த்தாள், அதே பார்வை. எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எழுந்து விளக்குக்கும் பாய்க்கும் நடுவில் நின்றேன். விரித்த முடி விரித்தபடி.

“யாரும் கிட்ட வராதீங்க.”

“இன்னாமே, இன்னுமா உனுக்கு வீம்பு?”

“வீம்பு இல்ல அத்த. நெனச்சிப் பாரு. தலமாட்டுல வெளக்கு எரிஞ்சாச்சி. தெருவே மாரடிச்சாச்சி. ஒப்பாரியும் வச்சாச்சி. இதுக்கு மேல இந்த ஒடம்புக்கு நெருப்பு காட்டினா அதுக்குப் பேரு சூடு இல்ல, கொள்ளி. ஒப்பாரி கேட்ட ஒடம்புக்கு அடுத்து வர்ற நெருப்பு கொள்ளிதான். யாரு வெக்கிறீங்க? வெக்கிறவங்க முன்னால வாங்க.”

காலைப் பிடிக்க வந்த இரண்டு பேரும் பிள்ளையைத் தொட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னால் போனார்கள். சூடு போடுகிற கிழவி கொம்பை மடியில் கட்டிக்கொண்டாள்.

“எனுக்கும் பேரன் பேத்தி கீதும்மா. இந்தப் பாவம் என் கைக்கு வேணாம்.”

மாமியார் மட்டும் அசையவில்லை. என்னை நம்பவில்லை. சாவு விஷயத்தில் ஊருக்கே பெரியவள் எதிர்வீட்டுக்காரிதானே, அவளைக் கேட்டாள்.

“அப்டி ஒரு சாஸ்திரம் கீதாடி?”

எதிர்வீட்டுக்காரி நிலைமையைப் பாரு. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தவள் என்று ஊர் சிரிக்கப் போகிறது. சாஸ்திரம் இருக்கிறது என்றால் அவள் வைத்த ஒப்பாரிக்கும் ஒரு மரியாதை வந்துவிடும். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

“கீது, கீது. எங்க ஆயா சொல்லி நானே கேட்டிருக்கேன். ஒப்பாரி கேட்ட ஒடம்பு நெருப்பு பாக்கக் கூடாது.”

அப்படி ஒரு சாஸ்திரமும் கிடையாது, கண்ணு! நான் அந்த நிமிஷத்தில் எழுதினேன், எழுதத் தெரியாத நான். எதிர்வீட்டுக்காரி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கு இந்தச் சுற்று வட்டாரத்தில் அதை எல்லாரும் சொல்கிறார்கள். போன மாசம் உன் மாமியாரே வேறு ஒரு விஷயத்துக்கு அதை என்னிடம் சொன்னாள், பெரிய மனுஷி மாதிரி. நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாமியார் விளக்கை விரலால் நசுக்கி அணைத்தாள். எல்லாரும் போன பிறகு பிள்ளை பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். “அந்த மூச்ச திரும்பப் பண்ணு, பாக்கறேன்,” என்றாள். பெண் செய்தாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை எழும்புகிறது, இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அவள் வாயே லாபம் என்று முணுமுணுத்தது. ஆனால் ஆசனத்தால்தான் அடங்கியது என்று அவள் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லையம்மன் திருப்பிக் கொடுத்தாள் என்றுதான் சொன்னாள். சொல்லட்டும். அம்மனுக்குப் போய்ச் சேர்ந்தால் எனக்கென்ன நஷ்டம்?

வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “எனுக்கும் அப்டி யாராச்சும் பொய்யா அயுதிருக்கலாம்,” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து கொட்டகையில் ஒரே ஆசை, சாகிற ஆசை. மறுநாள் டீச்சரம்மா குடையோடு உள்ளே வருகிறாள், இருபது பிள்ளைகளும் வரிசையாக மல்லாந்து கிடக்கிறார்கள். அடங்காத வால்கள் எல்லாம் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் கிடக்கிறார்கள், யார் நிஜமாகச் செத்த மாதிரி இருக்கிறார்கள் என்று போட்டி. கண்ணை மூடிச் சும்மா கிடக்க வைக்க அவள் மாசக்கணக்கில் தலைகீழாக நின்றாள், எதிர்வீட்டுக்காரி ஒரே பாட்டில் கற்றுக்கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் டீச்சரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். அப்புறம், “இனிமே பக்கத்துல விளக்கு வைக்காதீங்கம்மா,” என்றாள்.

பஸ் வராத நாளில் நான்தான் கொட்டகைக்குப் போவேன். எண்ணுவேன், பிள்ளைகள் கூடவே கத்தும். ஒரு நாள் பெரிய ஆபீசர் ஒருத்தர் ஜீப்பில் வந்து எட்டிப் பார்த்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். “மூச்சு அளக்கறோம் சார்,” என்றாள் என் பெண். அவர் என்ன எழுதிக்கொண்டு போனாரோ தெரியாது. பண்ணைக்காரர் வீட்டுப் பேரனும் பின்னால் வந்து சேர்ந்தான். அந்தம்மாவே கொண்டுவந்து விட்டாள், என்னைப் பார்க்காமல். அவனுக்குக் குனிந்தால் கை முட்டியைத் தாண்டாது. எங்கள் பிள்ளைகள் உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டு அவனைத் தலைகீழாகப் பார்த்துச் சிரிக்கும்.

இரைப்பு அடியோடு போயிற்றா என்று கேட்பாய். போயிற்று என்று பொய் சொல்லமாட்டேன். பனிக்காலத்தில் வரும், இப்போதும் வருகிறது, அவளும் குழல் வைத்திருக்கிறாள். ஆனால் வந்தால் அவள் பயப்படுவதில்லை. பயந்தால்தான் பூனைக்குட்டி பெரிசாகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து அளக்க ஆரம்பிப்பாள். செங்கல்பட்டில் மருமகள் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள், எல்லாருக்கும் லாபம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். காலைத் தூக்கினால் பிள்ளை தங்காதாம்! மூன்று பெற்றாள் என் பெண். மூன்று பிரசவத்துக்கும் நான்தான் கூட இருந்தேன். அவள் வயிற்றில் பிரசவக் கோடு இருக்கிறது, சூட்டுத் தழும்பு ஒன்று இல்லை. இதையும் உன் மாமியாரிடம் சொல்லு. சந்தேகம் என்றால் பொங்கலுக்கு வருவாள், வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தக் காகிதத்தை எடு. எனக்குக் கையெழுத்துத் தெரிந்திருந்தால் நானே போட்டிருப்பேன், உனக்குத் தெரியும், உனக்கென்ன வந்தது? பேனா அந்த மாடத்தில் இருக்கிறது, பேத்தி வைத்துவிட்டுப் போனது. போடு. இப்போதே போடு, என் கண் முன்னால்…

ஐயோ, தூறல்! நெல்லு! பேச்சில் விட்டேன் பார். காகிதத்தை நனையாமல் முந்தானையில் முடி, கோணியை எடுத்துக்கொண்டு ஓடு, நான் முறத்தோடு வருகிறேன். முட்டியை மடக்கி வாராதே, இடுப்பை மடக்கு, இடுப்பை!